நள்ளிரவில் நான்கு குதிரை வண்டி... 'பீரோ'வைத் தேடி வரும் கவர்னர் ஜெனரல்! ஹேஸ்டிங்ஸ் ஹவுஸ் பேய்க்கதையில் எது உண்மை?

திருப்பூரில் நைட் ஷிஃப்ட் பார்ப்பவர்களுக்கு இது பழகிய விஷயம்தான். டீ பிரேக்கில் நாலு பேர் ஒன்றாக உட்கார்ந்தால், பேச்சு எப்படியும் பேய்க்கதையில் வந்து நிற்கும். 'அந்தப் பழைய குடோன் பக்கம் ராத்திரி தனியா போகாதீங்கண்ணா' என்று ஒருவர் ஆரம்பிப்பார். பனியன் கம்பெனிகளில் இப்போது மேற்கு வங்கம், ஒடிசா, பீகாரில் இருந்து வந்தவர்களும் வேலை பார்ப்பதால், கதைகளும் அவர்களோடு சேர்ந்தே வந்துவிட்டன.

அப்படி வங்காளத்துக்காரர்கள் சொல்லும் கதைகளில் ரொம்பப் பழையது கொல்கத்தா அலிப்பூரில் உள்ள ஹேஸ்டிங்ஸ் ஹவுஸ் கதை. இந்தியாவின் முதல் கவர்னர் ஜெனரலே அங்கு பேயாக வருகிறார் என்பதுதான் கதை. அவர் எதைத் தேடி வருகிறார்? அந்தப் பொருள் உண்மையிலேயே தொலைந்ததா? கதையில் எது நிஜம், எது கற்பனை? விரிவாகப் பார்க்கலாம்.

கதை என்ன சொல்கிறது?

நள்ளிரவு. ஆள் நடமாட்டம் அடங்கிய நேரம். கேட்டுக்கு வெளியே குதிரைக் குளம்புச் சத்தம். நான்கு குதிரைகள் பூட்டிய கோச் வண்டி ஒன்று வேகமாக வந்து போர்ட்டிகோவில் நிற்கிறது. அதிலிருந்து இறங்கும் வெள்ளைக்காரர் படியேறி உள்ளே போகிறார். அறை அறையாக எதையோ தேடுகிறார். இழுப்பறைகளைத் திறந்து மூடும் சத்தம் கேட்கிறது. போய்ப் பார்த்தால் வண்டியும் இல்லை, ஆளும் இல்லை.

வந்தவர் வாரன் ஹேஸ்டிங்ஸ் என்கிறார்கள். அவர் தேடுவது ஒரு கறுப்பு மர பீரோ. அதில் இருந்த ரகசியக் காகிதங்கள் கிடைத்திருந்தால், இங்கிலாந்தில் நடந்த வழக்கில் அவர் தன்னைக் காப்பாற்றிக்கொண்டிருக்கலாம். கிடைக்காததால் செத்த பிறகும் தேடிக்கொண்டே இருக்கிறார் என்று கதை போகிறது.

யார் இந்த வாரன் ஹேஸ்டிங்ஸ்?

1732ல் இங்கிலாந்தில் பிறந்தவர். 1750ல், 17 வயதில், கிழக்கிந்தியக் கம்பெனியின் எழுத்தராகக் கல்கத்தா வந்தார். அடுத்து பட்டு வாங்கும் மையமான காசிம்பஜாரில் வேலை. அதாவது அவரது ஆரம்பகாலத் தொழிலே ஜவுளிதான்.

தமிழ்நாட்டுக்கும் இவருக்கும் தொடர்பு உண்டு. 1769ல் சென்னை கவுன்சிலில் இரண்டாம் இடத்துப் பதவிக்கு வந்தார். கம்பெனிக்கு ஏற்றுமதித் துணி கொள்முதல் செய்யும் பொறுப்பு அவரிடம் இருந்தது. நெசவாளருக்கும் கம்பெனிக்கும் நடுவில் இருந்த இடைத்தரகர்களைக் குறைத்து, நேரடியாக வாங்கும் முறைக்கு மாற்ற முயன்றார். ஏஜென்ட் கமிஷன், ஜாப் ஒர்க் என்று தினமும் பேசும் திருப்பூர்காரர்களுக்கு இது புரியாத சங்கதி இல்லை. 1772ல் வங்காளத்தின் கவர்னராகப் போனவர், 1774ல் முதல் கவர்னர் ஜெனரல் ஆனார். 1785 பிப்ரவரியில் பதவியை விட்டுவிட்டுக் கப்பல் ஏறினார்.

அலிப்பூரில் அவர் கட்டிய வீடுதான் ஹேஸ்டிங்ஸ் ஹவுஸ். 1770களின் பிற்பகுதியில் கட்டப்பட்டது. பெரிய தோட்டம், உயரமான கூரை, அகலமான படிக்கட்டு என அந்தக் காலத்து 'கார்டன் ஹவுஸ்' பாணி.

பீரோ தொலைந்தது உண்மையா?

உண்மைதான். பேய்க்கதைகளில் இப்படிக் கையில் பிடிக்கக்கூடிய ஆதாரம் கிடைப்பது அபூர்வம். 1787 செப்டம்பரில் 'கல்கத்தா கெஜட்' இதழில் ஒரு விளம்பரம் வந்தது. வாரன் ஹேஸ்டிங்ஸுக்குச் சொந்தமான பழைய கறுப்பு மர பீரோவைக் காணவில்லை, அதில் இரண்டு சிறிய ஓவியங்களும் சில சொந்தக் காகிதங்களும் இருந்தன, அவற்றை மீட்கத் தகவல் தருபவருக்கு 2,000 சிக்கா ரூபாய் தரப்படும் என்பது அதன் சாரம். லார்கின்ஸ், தாம்சன் ஆகிய இருவர் பெயரில் அறிவிப்பு வெளியானது. இங்கிலாந்தில் இருந்த ஹேஸ்டிங்ஸும் பீரோ பற்றிக் கேட்டு நண்பருக்குக் கடிதம் எழுதியிருக்கிறார்.

ஒரு சின்ன விஷயம். நம் வீட்டில் இருக்கும் இரும்பு பீரோவை மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம். இது இழுப்பறைகள் உள்ள எழுது மேசை. ஐரோப்பிய மேசைக்கு இருந்த அந்தப் பெயர்தான் தமிழுக்கு வந்து, துணிமணி வைக்கும் அலமாரிக்கு ஒட்டிக்கொண்டது.

அப்புறம் எங்கே கதை இடிக்கிறது?

மூன்று இடங்களில்.

முதலாவது, இடம். விளம்பரத்தில் பீரோ இருந்ததாகச் சொல்லப்பட்டது எஸ்பிளனேடில் இருந்த வீட்டில். அலிப்பூர் வீட்டில் இல்லை. அங்கிருந்து திருடு போயிருக்கலாம், அல்லது அவரது சாமான்களை ஏலம் விட்டபோது தவறுதலாக விற்கப்பட்டிருக்கலாம் என்றுதான் விளம்பரமே சொல்கிறது. எஸ்பிளனேடு வீட்டில் தொலைத்த பொருளை அலிப்பூர் வீட்டில் தேட வேண்டிய அவசியம் பேய்க்கு ஏன்?

இரண்டாவது, வழக்கு. ஹேஸ்டிங்ஸ் மீது எட்மண்ட் பர்க் உள்ளிட்டோர் கொண்டுவந்த பதவி நீக்கக் குற்றச்சாட்டு விசாரணை 1788 பிப்ரவரியில் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் தொடங்கி, 7 ஆண்டுகள் இழுத்தது. ஆனால் 1795 ஏப்ரல் 23ஆம் தேதி அவர் விடுதலை செய்யப்பட்டார். காகிதம் இல்லாமலேயே ஜெயித்துவிட்டார். வழக்குச் செலவில் சுமார் 70,000 பவுண்டு கரைந்தது தனிக்கதை. விடுதலையான ஒருவர் எந்த ஆதாரத்துக்காக அலைய வேண்டும்?

மூன்றாவது, மரணம். அவர் இறந்தது கல்கத்தாவில் அல்ல. 1818 ஆகஸ்ட் 22ல், இங்கிலாந்தின் டெய்ல்ஸ்ஃபோர்டில், தன் சொந்த எஸ்டேட்டில், 85 வயதில் இறந்தார். இந்தியாவை விட்டுப் போய் அப்போது 33 ஆண்டுகள் ஆகியிருந்தன.

அதாவது பீரோ நிஜம், விளம்பரம் நிஜம், வழக்கு நிஜம். இந்த மூன்றையும் ஒரே வீட்டில் கொண்டுவந்து தைத்த தையல்தான் கற்பனை.

ஒரே பார்வையில்:

1750 – ஹேஸ்டிங்ஸ் கல்கத்தா வருகை
1769 – சென்னை கவுன்சிலில் பதவி
1774 – முதல் கவர்னர் ஜெனரல்
1785 – இந்தியாவை விட்டுப் புறப்பாடு
1787 – பீரோவைக் காணவில்லை என்று விளம்பரம்
1788 முதல் 1795 வரை – விசாரணை, விடுதலை
1818 – இங்கிலாந்தில் மரணம்

ஏன் அந்த வீட்டின் மீதே கதை ஒட்டிக்கொண்டது?

அலிப்பூரும் சும்மா இருந்த இடம் இல்லை. 1780 ஆகஸ்ட் 17ல் ஹேஸ்டிங்ஸும் அவரது கவுன்சில் எதிரி பிலிப் ஃபிரான்சிஸும் அலிப்பூரில் துப்பாக்கிச் சண்டை போட்டார்கள். ஆமாம், நிஜமாகவே எதிரெதிரே நின்று சுட்டுக்கொண்டார்கள். ஃபிரான்சிஸுக்குக் குண்டு பாய்ந்தது, ஆனால் பிழைத்துக்கொண்டார்.

பிறகு 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வைஸ்ராய் கர்சன் இந்த வீட்டை அரசுக்காக வாங்கி, சமஸ்தான மன்னர்கள் வந்தால் தங்கும் விருந்தினர் மாளிகை ஆக்கினார். ஹேஸ்டிங்ஸ் பெயரும் வீடும் இன்னும் இறுக்கமாகப் பிணைந்தன. 1911ல் தலைநகரை டெல்லிக்கு மாற்றும் அறிவிப்பு வந்த பிறகு, இப்படிப்பட்ட மாளிகைகளுக்கு இருந்த மவுசு குறைந்தது. பெரிய வீடு, குறைந்த ஆட்கள், நிறைய இருட்டு. கதை வளர இதைவிட என்ன வேண்டும்?

சுதந்திரத்துக்குப் பிறகு இங்கே பெண்களுக்கான ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி வந்தது. குதிரை வண்டிக் கதை மாணவிகள் மூலம் அடுத்தடுத்த தலைமுறைக்குப் போனது. பேய் அதிகம் உலவும் இடம் பெரும்பாலும் ஹாஸ்டல் பேச்சுதானே!

பக்கத்து வீட்டில் 'ரகசிய அறை': திறந்தால் என்ன இருந்தது?

அதே அலிப்பூரில் உள்ள பெல்வடேர் மாளிகையில் நீண்ட காலம் தேசிய நூலகம் இயங்கியது. அங்கும் பேய்க்கதைகள் உண்டு. படிப்பவர் புத்தகத்தை எடுத்த இடத்தில் வைக்காவிட்டால் ஓர் ஆங்கிலேயச் சீமாட்டியின் மூச்சுக்காற்று கழுத்தில் படும் என்பார்கள்.

2010ல் பழுதுபார்க்கும் பணியின்போது, கதவோ ஜன்னலோ இல்லாமல் முழுக்க அடைக்கப்பட்ட ஒரு பகுதி தரைத்தளத்தில் இருப்பது தெரியவந்தது. உடனே கிளம்பின யூகங்கள். சித்திரவதைக் கூடம், புதையல், எலும்புக்கூடு என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். கடைசியில் தொல்லியல் துறையினர் துளையிட்டுப் பார்த்தபோது உள்ளே இருந்தது மண். வெறும் மண். கட்டடத்தின் அஸ்திவாரத்துக்குப் பலம் சேர்க்க அந்தக் காலத்தில் நிரப்பி வைத்தது.

தமிழ்நாட்டின் 'டிமான்டி காலனி' எப்படி?

நம் ஊரில் இதற்கு இணையான பெயர் சென்னை ஆழ்வார்பேட்டை பக்கம் உள்ள டிமான்டி காலனி. 2015ல் அருள்நிதி நடிப்பில், அஜய் ஞானமுத்து இயக்கத்தில் படம் வந்த பிறகு தமிழ்நாடு முழுக்கத் தெரிந்த பெயர். 2024 ஆகஸ்ட் 15ல் இரண்டாம் பாகமும் வந்தது.

படத்தில் வரும் டிமான்டி கொடூரமானவர். நிஜத்தில் ஜான் டி மான்டி போர்ச்சுகீசிய வம்சாவளி வணிகர். 1821ல் இறந்தார். கோவளம் தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். தன் சொத்துகளைக் கத்தோலிக்கத் திருச்சபைக்கு எழுதி வைத்துவிட்டுப் போனவர். சாபம் பிடித்த நகைக்கும் அவருக்கும் வரலாற்றில் தொடர்பு கிடையாது.

அவர் பங்குதாரராக இருந்த நிறுவனம் ஒரு காலத்தில் 'அர்பத்நாட், டி மான்டி அண்ட் கோ' என்றே அழைக்கப்பட்டது. அதே நிறுவனம், டி மான்டி இறந்து 85 ஆண்டுகள் கழித்து, அர்பத்நாட் அண்ட் கோ என்ற பெயரில் 1906 அக்டோபரில் திவாலானது. சேமிப்பைப் போட்டு வைத்திருந்த ஏராளமான குடும்பங்கள் நடுத்தெருவுக்கு வந்தன. அதன் பொறுப்பாளர் சர் ஜார்ஜ் அர்பத்நாட்டுக்குச் சிறைத்தண்டனை கிடைத்தது. அந்த அடியில் இருந்து பிறந்ததுதான், வி. கிருஷ்ணசாமி அய்யர் முயற்சியில் 1907 ஆகஸ்ட் 15ல் தொடங்கிய இந்தியன் வங்கி. பேய்க்கதை எல்லோருக்கும் தெரியும். ஊரையே அழவைத்த இந்த நிஜக்கதை எத்தனை பேருக்குத் தெரியும்?

தூங்கும் வாட்ச்மேனை அறையும் மேஜர்

ராஜஸ்தான் கோட்டாவில் உள்ள பிரிஜ்ராஜ் பவன் இன்னொரு உதாரணம். 1830 வாக்கில் கட்டப்பட்ட பிரிட்டிஷ் ரெசிடென்சி அது. 1857 கிளர்ச்சியின்போது, அக்டோபர் 15ஆம் தேதி அங்கிருந்த மேஜர் சார்லஸ் பர்ட்டனும் அவரது இரண்டு மகன்களும் கொல்லப்பட்டார்கள். பிறகு கோட்டா அரச குடும்பத்தின் மாளிகையாகவும், பின்னர் ஹெரிடேஜ் ஹோட்டலாகவும் மாறியது.

அங்கே மேஜர் பேய் யாரையும் கொல்வதில்லையாம். டியூட்டியில் தூங்கும் வாட்ச்மேனுக்கு ஓர் அறை விடும், அவ்வளவுதான். நைட் ஷிஃப்ட் சூப்பர்வைசர்கள் கேட்டால் பொறாமைப்படுவார்கள்.

அறிவியல் என்ன சொல்கிறது?

பழைய பங்களாக்களில் சத்தம் கேட்பது பொய் இல்லை. பகலில் வெயிலில் விரியும் மர உத்தரமும் கதவும் ராத்திரி குளிரில் சுருங்கும்போது 'டக்', 'கிரீச்' என்று சத்தம் வரும். பழைய பலகை ஜன்னல் இடுக்கில் காற்று நுழைந்தால் யாரோ முனகுவது போல இருக்கும். ஆந்தை, வௌவால், மரநாய் எல்லாம் பூட்டிய வீட்டின் நிரந்தரக் குடித்தனக்காரர்கள்.

1998ல் இங்கிலாந்தைச் சேர்ந்த விக் டேண்டி என்ற பொறியாளர் ஒரு சுவாரஸ்யமான கட்டுரை எழுதினார். 'பேய் இருக்கிறது' என்று பேசப்பட்ட ஆய்வகத்தில் அவருக்கும் உடல் சிலிர்த்து, கண்ணோரத்தில் சாம்பல் நிற உருவம் தெரிந்திருக்கிறது. தேடிப் பார்த்தால், ஒரு ஃபேன் சுமார் 19 ஹெர்ட்ஸ் அளவில் காதுக்குக் கேட்காத அதிர்வைக் கிளப்பிக்கொண்டிருந்தது. அதைச் சரிசெய்ததும் அந்த உணர்வு நின்றது என்று அவர் எழுதினார். எல்லாப் பேய்க்கும் இதுதான் காரணம் என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. ஆனால் பயந்து ஓடுவதற்கு முன்னால் ஃபேனைப் பார்ப்பது நல்லது.

'அமுக்குவான்' வருகிறதா? இதைக் கவனியுங்கள்

நைட் ஷிஃப்ட் பார்ப்பவர்களுக்கு இந்தப் பகுதி முக்கியம். தூக்கத்தில் திடீரென விழிப்பு வரும். கண் திறந்திருக்கும், கை கால் அசையாது. நெஞ்சில் யாரோ ஏறி உட்கார்ந்த மாதிரி இருக்கும். அறை மூலையில் ஆள் நிற்பது போலவும் தெரியும். ஊரில் இதை 'அமுக்குவான் பேய்' என்பார்கள். மருத்துவத்தில் இதன் பெயர் தூக்க முடக்கம்.

கனவு காணும் தூக்க நிலையில், நாம் கனவில் செய்வதை நிஜத்தில் செய்துவிடாதபடி மூளை தசைகளைத் தளர்த்தி வைக்கும். அந்த நிலை கலைவதற்கு முன் விழிப்பு வந்துவிட்டால், உடல் அசையாது; கனவின் மிச்சம் கண்முன் தெரியும். சில வினாடிகளில் இருந்து சில நிமிடங்களில் தானாகச் சரியாகிவிடும். உயிருக்கு ஆபத்து இல்லை.

தூக்கம் போதாமை, மாறி மாறி வரும் ஷிஃப்ட், மன அழுத்தம், மல்லாந்து படுப்பது ஆகியவை இதை அதிகப்படுத்தும். ஒரு வாரம் பகல், ஒரு வாரம் இரவு என்று ஷிஃப்ட் மாறுபவர்களுக்கு இது வருவதில் ஆச்சரியம் இல்லை. முடிந்தவரை ஒரே நேரத்தில் தூங்குவது, பகலில் தூங்கும்போது அறையை இருட்டாக வைப்பது, படுக்கும் முன் டீ, போனைத் தவிர்ப்பது உதவும். அடிக்கடி வந்தாலோ, பகலில் வேலை நேரத்தில் கட்டுப்படுத்த முடியாத தூக்கம் வந்தாலோ டாக்டரைப் பார்க்க வேண்டும். மந்திரித்துக் கட்டிக்கொண்டு அதே ஷிஃப்டில் தொடர்ந்தால், தைக்கும் மெஷினில் விரல்தான் ஆபத்தில் இருக்கும்.

'பேய் பங்களா' வீடியோ எடுக்கப் போகலாமா?

இப்போது பழைய கட்டடம் என்றாலே ராத்திரி போய் ரீல்ஸ் எடுக்கும் பழக்கம் பெருகிவிட்டது. ஆளில்லாத வீடு என்றாலும் அதற்கு உரிமையாளர் இருப்பார். அத்துமீறி நுழைவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 329வது பிரிவில் குற்றம். அதைவிட நேரடியான ஆபத்து வேறு: இற்றுப்போன மாடித்தளம், மூடாத கிணறு, பாம்பு. பேய் பார்க்கப் போனவரை ஆஸ்பத்திரியில் சேர்க்க இவற்றில் ஏதாவது ஒன்று போதும்.

கதை மறைக்கும் கதை

ஹேஸ்டிங்ஸ் ஹவுஸுக்கே திரும்பி வருவோம். இரண்டு நூற்றாண்டுகளாக ஓர் ஆட்சியாளரின் தொலைந்த பீரோவை ஊர் நினைவில் வைத்திருக்கிறது. அதே காலத்தில் தொலைந்த மற்றவை?

1770ல் வங்காளத்தைப் பஞ்சம் சூறையாடியது. 1772ல் கம்பெனி இயக்குநர்களுக்கு அனுப்பிய கடிதத்தில், மாகாண மக்களில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கினர் மாண்டிருப்பார்கள் என்று ஹேஸ்டிங்ஸின் நிர்வாகமே கணக்குச் சொன்னது. அப்படியும் 1771ன் வரி வசூல், பஞ்சத்துக்கு முந்தைய 1768ன் வசூலைத் தாண்டியது என்றும் அதே கடிதம் சொல்கிறது. சாவு ஒருபக்கம், வசூல் ஒருபக்கம்.

1775ல், ஹேஸ்டிங்ஸ் லஞ்சம் வாங்கினார் என்று புகார் கொடுத்த நந்தகுமார் என்ற வங்காளப் பிரமுகர் மீது பழைய பத்திர மோசடி வழக்கு பாய்ந்தது. தீர்ப்பு சொன்ன தலைமை நீதிபதி எலைஜா இம்பே, ஹேஸ்டிங்ஸின் பள்ளித்தோழர். அந்த ஆண்டு ஆகஸ்ட் 5ஆம் தேதி நந்தகுமார் தூக்கிலிடப்பட்டார். புகார் கொடுத்ததற்கான விலையா அது என்ற கேள்வி இன்றுவரை ஓயவில்லை.

ஆனால் அலிப்பூர் வீட்டுக்கு நள்ளிரவில் நந்தகுமார் வந்து நியாயம் கேட்டதாகவோ, பஞ்சத்தில் செத்தவர்கள் வாசலில் நின்று சோறு கேட்டதாகவோ அந்தப் பிரபலமான கதையில் இல்லை. அதில் வருவது கோச் வண்டியில் வந்த துரை மட்டும்தான். யாருடைய இழப்பு கதையாகிறது, யாருடையது வெறும் எண்ணிக்கையாக நின்றுவிடுகிறது என்பதையும் பேய்க்கதைகள் இப்படித்தான் காட்டிக் கொடுக்கின்றன.

அடுத்த முறை டீ பிரேக்கில் யாராவது 'அந்த பங்களாவுல ராத்திரி என்ன ஆச்சு தெரியுமா' என்று ஆரம்பித்தால், முழுசாகக் கேளுங்கள். நல்ல கதையை விட வேண்டியதில்லை. கேட்டு முடித்ததும் ஒரே ஒரு கேள்வி மட்டும் கேட்டுப் பாருங்கள்: 'சரிங்ணா, அந்த வீட்ல பகல்ல என்ன நடந்துச்சு?'